காரைக்குடியில் வீடு வாங்க வருகிறவர்களுக்கு, கொஞ்சம் கோபத்தோடு

சரி, காரைக்குடியில் மனை வாங்கச் சொல்லி வந்த ஒரு வீடியோவுக்குக் கீழே நான் போட்ட கமெண்ட் பற்றி நேற்றிலிருந்து இன்பாக்ஸில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்த வீடியோவைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஐப்பசியும் ஒரு சித்திரையும் இங்கே வாடகைக்கு இருந்து பாருங்க" என்று ஒரே ஒரு வரி போட்டேன். அதற்கு என்னென்ன பதில் வந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவள். ஊர் வளர்வது பொறுக்காதவள். கடைசியில் "இவளே லோக்கல் புரோக்கரா இருப்பா, போட்டிக்காரன் வீடியோன்னு எரியுது" என்று ஒருவர். அதற்குத்தான் லைக் அதிகம். அந்த லைக்கைப் போட்டவர்களில் கல்யாணம் காட்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட முகங்களும் இருந்தன. வலித்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் சொன்னதைத்தான் திரும்பச் சொல்கிறேன். ஊரைத் தெரிந்துகொண்டு அப்புறம் வாங்குங்கள்.

சென்னையில் இரண்டு பெட்ரூம் பிளாட் வாங்கும் காசுக்கு இங்கே இடமும் வாங்கி வீடும் கட்டிவிடலாம் என்று அந்த வீடியோவில் சொல்கிறார்களே, அது உண்மைதான். மறுக்கவில்லை. பல்கலைக்கழகம் இருக்கிறது, சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, விடியற்காலை பல்லவன் ரயிலில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு எழும்பூர். அதுவும் உண்மைதான். 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆகிவிட்டது, கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் எல்லாம் உள்ளே வந்துவிட்டது, எல்லாம் சரி. ஆனால் எல்லைக்குள் வந்த அன்றைக்கே குழாயில் தண்ணீர் வந்துவிடாது. சாக்கடையும் வராது. தெருவிளக்கும் வராது. வீட்டு வரி ஏறுமே என்றும், நூறு நாள் வேலை போகுமே என்றும் கவலைப்பட்ட வீடுகளும் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன, அவர்களை எந்த வீடியோவும் காட்டாது. மாநகராட்சி என்று போர்டு மாறியதை மட்டும் காட்டி, இன்னும் கொஞ்ச நாளில் விலை இரட்டிப்பாகும், இன்றைக்கே அட்வான்ஸ் போடுங்கள் என்று அவசரப்படுத்துகிறார்கள். எனக்குக் கோபம் அந்த அவசரத்தின் மேல்தான்.

எங்கள் அப்பா கொத்தனார். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பழைய சுண்ணாம்புப் பூச்சை மராமத்து செய்த கை. யாராவது புது மனையைக் காட்டி "அண்ணே, வாஸ்து எப்படி இருக்கு பாருங்க" என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார். மனையின் நடுவில் ஊற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தவைத்து உட்காருவார். செம்மண்ணில் தண்ணீர் முதலில் கொஞ்சம் யோசிக்கும், புழுதியைச் சுருட்டிக்கொண்டு ஒரு விரல் அகலத்துக்கு நெளிந்து நெளிந்து ஒரு பக்கமாகப் போகும். அது எங்கே போய் நிற்கிறதோ அங்கே ஒரு கல்லை வைப்பார். அப்புறம் எழுந்து, சுற்றிலும் எந்தெந்த மனையிலிருந்து தண்ணீர் இந்தக் கல்லை நோக்கி வரும் என்று கையால் காட்டுவார். "முதல்ல தண்ணி எங்கே போகுதுன்னு பாரு, வாசல் எந்தப் பக்கம்னு அப்புறம் யோசிப்போம்" என்பார். படிப்பு இல்லாத மனிதர். அவர் பார்த்த அளவுக்கு இந்த லேஅவுட் போடுகிற படித்தவர்கள் யாரும் பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை.

செட்டிநாட்டு ஊர்களைப் பார்க்க வருகிறவர்கள் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தெருவில் நின்று பாருங்கள். வீடுகள் எவ்வளவு உயரமான மேடையில் நிற்கின்றன, முற்றத்தில் விழுந்த மழை எந்த வழியாகத் தெருவுக்கு வருகிறது, தெருத் தண்ணீர் எந்த ஊரணியில் போய் விழுகிறது என்று பாருங்கள். வற்றாத ஆறு இல்லாத சீமை இது. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் பிழைப்பு. அதனால்தான் தண்ணீருக்கு வழி விட்டுவிட்டு மிச்ச இடத்தில் வீடு கட்டினார்கள். ஊரணிக்குத் தண்ணீர் வந்து சேர ஒரு வரத்துக்கால், கண்மாய்க்கு ஒரு வரத்துக்கால், நிறைந்தால் வெளியேற ஒரு கலுங்கு. மழை இல்லாத மாதமெல்லாம் அந்த வரத்துக்கால் வெறும் பள்ளமாக, கருவேலம் முளைத்துக் கிடக்கும். அதன் மேல் நாலு லோடு கிராவல் அடித்து, கல் நட்டு, கொடி கட்டி, "நகர்" என்று பெயர் வைத்தால் வெயில் காலத்தில் வந்து பார்க்கிறவருக்கு என்ன தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. தாம்பரம் பக்கம் இருந்த பிளாட்டை விற்றுவிட்டு, ரிட்டையர்மென்ட் காசையும் போட்டு இங்கே இடம் வாங்கினார்கள். சித்திரை மாதம் காரில் வந்து பார்த்தார்கள், அன்றைக்கே அட்வான்ஸ். வீடும் கட்டினார்கள், நல்ல வீடு, சாருக்குப் புத்தக அலமாரி, அக்காவுக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை. முதல் பெரிய மழைக்கே வாசற்படி வரைக்கும் தண்ணீர். சாக்கடை அடைப்பாக இருக்கும் என்று ஆள் விட்டுத் தோண்டிப் பார்த்தார்கள். அடைப்பு எங்கேயும் இல்லை. அந்தத் தெருவே கண்மாய்க்குப் போகிற பாதை. அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற பெரியவர் சொல்லித்தான் அவர்களுக்கு அது தெரிந்தது. அக்கா என்னிடம் அழவில்லை, "இத்தனை பேர் இருக்கீங்க, வாங்கும்போது ஒருத்தர் சொல்லலையேம்மா" என்று மட்டும் கேட்டார். நேற்று நான் அந்த ஒரு வரியைப் போட்டது அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

இதற்குச் சிலர் சொல்வார்கள், பத்திரம் சரியாக இருந்தால் போதும், வக்கீல் பார்த்துவிட்டார் என்று. வக்கீல் தாய்ப்பத்திரம் பார்ப்பார், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், பட்டா யார் பெயரில் என்று பார்ப்பார். எல்லாம் வேண்டும்தான். ஆனால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று வில்லங்கச் சான்றில் வராது. புலப்படத்தை, அதான் எஃப்எம்பி ஸ்கெட்சை, நீங்களே எடுத்துப் பாருங்கள், இப்போது அரசு இணையதளத்திலேயே கிடைக்கிறது. உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்தால் பத்தாது, நாலு பக்கமும் ஒட்டியிருக்கிற எண்களையும் பாருங்கள். ஓடை, வண்டிப்பாதை, புறம்போக்கு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நின்று கேளுங்கள்.

இன்னொன்று, "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்கிறவரிடம் ஒரு நிமிஷம்கூட நிற்காதீர்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும், ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் அதற்கு ஈடாகாது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவான அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள், அதைச் சொல்லியே இன்றைக்குப் புதிதாகப் பிரிக்கிற மனையையும் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேலான லேஅவுட் என்றால் ரெரா எண், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கேளுங்கள், கேட்டதோடு விடாமல் அந்த எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்டி வாங்குகிறீர்கள். அதையும் கட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாமா?

பழைய செட்டிநாட்டு வீடு விலைக்கு என்று வருகிற வீடியோக்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும். பங்காளிகள் எத்தனை பேர், யார் யார் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்று தெரியாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

"வாடகைக்கு இருந்து பார்க்க எங்களுக்கு வசதி இல்லை, அங்கேயும் வாடகை, இங்கேயும் வாடகையா" என்று ஒரு தம்பி மரியாதையாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. முடியாதென்றால் மழைக்காலத்தில் வந்து இரண்டு நாள் லாட்ஜில் தங்குங்கள். பெய்துகொண்டிருக்கும்போதே மனைக்குப் போய் நில்லுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி உங்கள் லேஅவுட்டுக்குப் போக என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், நெஞ்சு வலி என்று பெரிய வைத்தியத்துக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் ஓடுகிற குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். காரைக்குடியின் குடிதண்ணீரான சம்பை ஊற்றுத் தண்ணீரின் பெருமையை எல்லோரும் சொல்வார்கள், அந்த ருசிக்கு நானும் அடிமைதான், ஆனால் நீங்கள் வாங்கும் தெருவுக்கு என்ன தண்ணீர், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்காதீர்கள்.

வாடகைக்குப் போனால் இன்னொன்றும் தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விடமாட்டேன். வீடு கேட்டுப் போனால் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் "நீங்க என்ன ஆளுக" என்று கேட்கிற வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லோரும் அப்படி இல்லை, ஆனால் இருக்கிறார்கள். எந்தத் தெருவில் அந்தக் கேள்வி வருகிறது, எந்தத் தெருவில் வராமல் சாவியைக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குகிறவர் நிம்மதியாக இருப்பார். இதை எந்த லேஅவுட் வரைபடத்தில் போடுவார்கள்?

"எல்லா ஊர்லயும்தான் இப்படி, காரைக்குடியை மட்டும் ஏன் இறக்கிப் பேசுற" என்று கேட்டவருக்கு. ஆமாம், எல்லா ஊரிலும்தான். என் தம்பி சென்னைக்குப் பக்கத்தில் முடிச்சூரில் விலை மலிவு என்று வாங்கினான். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படிக் கிடந்தன என்று நாடே பார்த்தது. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் நின்றவன் அவன். போன் எடுக்கவில்லை என்று இங்கே அப்பா ராத்திரி முழுக்கத் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்தவள் நான். என் ஊரிலும் அப்படி ஒரு தெரு உண்டாகிவிடக் கூடாது என்று சொன்னால் அது இறக்கிப் பேசுவதா?

வெளியூர்க்காரர்கள் வரக்கூடாது என்கிறேனாம். இந்தப் பழியைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்ப் பிழைத்த காசில் எழுந்த ஊர் இது. இந்த ஊர் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துச் சிக்ரியைக் கொண்டுவந்தார், 1953-ல் திறந்தார்கள். அன்றைக்கிலிருந்து எந்தெந்த மாநிலத்து விஞ்ஞானிகளெல்லாம் இங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். என் பள்ளிக்கூடத் தோழிகளில் வங்காளி வீட்டுப் பெண் இருந்தாள், மலையாளி வீட்டுப் பெண் இருந்தாள், கொப்புடையம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்களோடு வந்து பஞ்சுமிட்டாய் தின்றவர்கள். அவர்களை வெளியூர் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். வந்தால் பத்து வருஷம், இருபது வருஷம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். வாங்கிப்போட்டுவிட்டு முள்வேலி அடித்து, விலை ஏறட்டும் என்று சென்னையில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி எனக்கு அந்த அக்கறை இல்லை, அதை வெளிப்படையாகவே சொல்கிறேன். அவர்களால்தான் இங்கே ஜவுளிக்கடையிலும் மெஸ்ஸிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் சொந்த ஊரில் மூன்று செண்டு வாங்க முடியாமல் நிற்கிறார்கள். "ஊர் வளருது" என்று எனக்குப் பாடம் எடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

நான் புரோக்கர் இல்லை. கமிஷனாக ஒரு ரூபாய் வாங்கியதில்லை, வாங்கவும் மாட்டேன். மனை பார்க்க வருகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு வந்து தண்ணீர் போகிற வழியைக் காட்டுகிறேன். அப்பாவும் வருவார், முழங்கால் வலி இருந்தாலும் இதற்கென்றால் கிளம்பிவிடுவார்.

மாநகராட்சிக்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் ஊரணி, கண்மாய் வரத்துக்கால்களை அளந்து எல்லைக்கல் நட வேண்டும், அதை முடிக்கிற வரைக்கும் அவற்றை ஒட்டிப் புது லேஅவுட்டுக்கு அனுமதி தரக் கூடாது, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் நேரில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். நேற்று லைக் போட்டவர்களும் வரலாம்.