குப்பனுக்கும் அர்த்தம் உண்டு

குழந்தை பிறந்த வீட்டில் இப்போது முதல் வேலை, போனை எடுத்துப் பெயருக்கு அர்த்தம் தேடுவது. நட்சத்திர எழுத்து, நியூமராலஜி எல்லாம் பொருந்தி, கேட்க ஸ்டைலாகவும் இருந்தால் முடிந்தது. அர்த்தம் கேட்டால் 'ஒளி' என்பார்கள், இல்லாவிட்டால் 'சிவன்'. வையுங்கள், உங்கள் பிள்ளை. ஆனால் தாத்தா பெயரைச் சொன்னதும் "அதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?" என்று உதட்டைப் பிதுக்கும்போதுதான் எனக்கு எரிகிறது.

எங்கள் பக்கம் வந்து பாருங்கள். 1960இல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. பெயர்கள் அந்த எல்லையைக் கண்டுகொள்ளவே இல்லை. தமிழ் வீட்டில் ஏழுமலை, தெலுங்கு வீட்டில் ஏடுகொண்டலு. இரண்டு பேருக்கும் மொட்டை போட்டது ஒரே திருப்பதி மலையில். வெங்கடேசன் என்றால் பாவத்தை எரிப்பவன் என்று விளக்கம் சொல்வார்கள். இருக்கட்டும். தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வடக்கு எல்லையாகச் சொன்ன அதே வேங்கடம்தான் எங்கள் ஊர் வெங்கடேசனுக்குள் இருக்கிறது.

அப்புறம், குப்பன். நாம் கிண்டலுக்கு வைத்திருக்கும் பெயர். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போன வீட்டில், அடுத்ததாகப் பிறந்ததைக் குப்பையில் உருட்டி எடுத்து, குப்பன், குப்பம்மாள் என்று கூப்பிட்டார்கள். வேண்டாத பொருள் என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான். சிலர் மூக்கைக் குத்தி மூக்கன் என்றார்கள். சிலர் பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுத்து, பிச்சையாகத் திரும்ப வாங்கிப் பிச்சை என்றார்கள். தெலுங்கில் பென்டய்யா உண்டு. பென்ட என்றாலும் குப்பைதான். இந்த மொழிக்காரர்கள் அந்த மொழிக்காரர்களிடம் கேட்டு வைத்ததில்லை. இரண்டு பக்கத்துத் தாய்க்கும் பயம் ஒன்று.

தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்த பிறகு அந்தப் பெயர்களுக்கு வேலை இல்லாமல் போனது. நல்லதுதான், யாரும் இனிமேல் வைக்க வேண்டாம். ஆனால் அர்த்தமில்லாத பெயர் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒளி, சிவன் என்று இணையம் சொல்வது அகராதி அர்த்தம். குப்பன் என்று கூப்பிட்டவள் அதற்கு முன் எத்தனை பிள்ளைகளைப் புதைத்தாளோ, அது எந்தப் பட்டியலிலும் வராது.

கெஜட்டில் போட்டுப் பெயரை மாற்றிக்கொள்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியில் கிண்டல் பட்டவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இனிஷியல் கதை தனி. தெலுங்கு வீட்டில் பெயருக்கு முன்னால் நிற்பது இன்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர், வம்சத்துக்கே ஒன்று. நமக்கு அப்பா பெயர், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாஸ்போர்ட் ஃபாரத்தில் சர்நேம் கட்டம் வந்ததும் நம் ஆட்கள் முழிப்பார்கள். கடைசியில் அப்பா பெயரைப் போட்டுவிடுவார்கள். அப்பா பெயரை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வளர்ந்த பையன் அமெரிக்கா போய் இறங்கினால், ஆபீஸ் முழுக்க அவனுக்கு மிஸ்டர் குப்புசாமி என்றுதான் பெயர்.