பவர் பேங்க் மட்டும் போதாது

போனில் சார்ஜ் தீர்ந்துபோவதைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர், பையில் பவர் பேங்க் இருந்தால் கவலையே இல்லை என்று தன் கட்டுரையை முடித்திருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் வேளச்சேரியிலோ பள்ளிக்கரணையிலோ இருந்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பவர் பேங்கும் சீக்கிரமே தீர்ந்துபோனது. எங்கள் தெருக்காரர் ஒருவர், மேம்பாலத்தில் நிறுத்தியிருந்த தன் காரில் ஆளுக்குக் கால் மணி நேரம் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். புண்ணியவான், நன்றாக இருக்க வேண்டும்!

பக்கத்து வீட்டுப் பாட்டியின் பழைய பட்டன் போன் மட்டும் கடைசிவரை உயிரோடு இருந்தது. "பேசிக்கொள்ளுங்கள்" என்று அவர் நீட்டினால், பெற்ற மகனின் எண்ணைக்கூடச் சொல்லத் தெரியாமல் பலர் விழித்தார்கள். அதுதான் என்னை மிகவும் வருத்தியது. இப்போது எங்கள் வீட்டுக் காலண்டர் அட்டையில் முக்கியமான எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அப்பா, அம்மா எண்கள் மனப்பாடம்.

ரயிலில் செல்பவர்களுக்கும் ஒன்று. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளில் சார்ஜ் இணைப்பை நிறுத்திவைக்கும் வழக்கம் இருக்கிறது. டிக்கெட்டைத் தாளில் அச்சிட்டு, அசல் அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐயை மட்டும் நம்பாமல் கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும்; இறங்கியதும் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டுமே.