"எங்க தோட்டத்துல வந்துச்சுங்க" என்பது ஆதாரமா?

போர் போடும் முன் ஒருவரை வரவழைத்து, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்ம பக்கம் ஒரே பதில்தான். "எங்க தோட்டத்துல அவரு காட்டுன எடத்துலதானுங்க ரெண்டு இஞ்ச் தண்ணி வந்துச்சு, கண்ணால பார்த்தேன்." பார்த்தது பொய்யில்லை. உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நிற்பதையும், போர் வண்டி துளை போடப் போட வெறும் புழுதியாகப் பறந்தது திடீரென்று சேறாகித் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதையும் பார்த்தவருக்கு வேறு எதையும் நம்பத் தோன்றாது. ஆனால் அந்த ஒரு குழியை வைத்து அவருக்குத் தண்ணீர் தெரியும் என்று முடிவு கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் காட்டாத இடத்தில் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. பல்லடம், காங்கேயம் பக்கமெல்லாம் அடியில் கெட்டிப் பாறை, அதிலுள்ள வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கும். வெடிப்பு மாட்டாவிட்டால் ஆயிரம் அடி போனாலும் புழுதிதான். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால் ஓரத்துத் தோட்டம் என்றால் கசிவுத் தண்ணீரே கிணற்றுக்கு ஊறும், அங்கே யார் கைகாட்டினாலும் பலிக்க வாய்ப்பு அதிகம். பேர் மட்டும் தேங்காய்க்காரருக்கு.

அப்புறம், தண்ணீர் வந்தவர் வருசக்கணக்கில் ஊரெல்லாம் சொல்வார். வராதவர் கேசிங் பைப்புக்கு மூடி போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார், கேட்டால் "நம்ம நேரம் சரியில்லீங்க" என்பார். என் சொந்தத்தில் ஒருவர் நகையை அடகு வைத்து ஓட்டிய போர் அப்படித்தான் போனது, அதைப் பற்றி எந்த விசேஷத்திலும் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அப்போ நம்ம காதுக்கு வருவதெல்லாம் பலித்த கதை மட்டும்தானே?

1987-88இல் ஜெர்மனியில், மியூனிக் பக்கம் இதுமாதிரி நீரோட்டம் பார்ப்பவர்களைச் சோதித்தார்கள். சுமார் 500 பேரில் தேறிய 43 பேரை ஒரு கொட்டகையின் மாடியில் நடக்கவிட்டு, கீழே தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, குழாய் எங்கே என்று மொத்தம் 843 தடவை கேட்டார்கள். பெரும்பாலோர் சொன்னது குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேல் இல்லை. சிலருக்கு நிஜமாகவே திறமை இருக்கிறது என்று நடத்தியவர்கள் எழுதினார்கள். அந்தச் சிலரும் அடுத்த முறை அதே மாதிரி சரியாகச் சொல்லவில்லை என்பதை ஜிம் என்ரைட் என்ற விஞ்ஞானி அதே கணக்கை எடுத்துக் காட்டினார்.

திருச்செங்கோட்டு போர் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். ஓட்டம் பார்க்க வருகிறவரிடம் போன வருசம் அவர் காட்டிய எல்லாத் தோட்டத்துக்காரர்களின் நம்பரையும் கேளுங்கள், தண்ணீர் வராதவர்கள் நம்பரும் சேர்த்து. மெஷின் வைத்து நிலத்தின் மின்தடையை அளந்து தண்ணீர் பார்க்கிறவர் என்றாலும் சரி, அவரிடமும் இதையே கேளுங்கள்.