தயவுசெய்து தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்

பழைய ரெவின்யூ ஸ்டாம்ப், அதாவது வரி கட்டியதற்கு அடையாளமாக ஒட்டும் வரி வில்லை, சேர்ப்பவர்களோடு எனக்கு ஒரே ஒரு சண்டைதான். பத்திரத்திலும் ரசீதிலும் ஒட்டியிருப்பதை எதற்கு ஊறவைத்து உரித்து எடுக்கிறீர்கள்? தபால்தலைக்குப் பழகிய கை இங்கேயும் அதையே செய்கிறது. தபால்தலை உறையை விட்டு வந்தாலும் அது எதற்காக ஒட்டப்பட்டது என்பதில் பெரிய குழப்பம் வராது. வரி வில்லையில் அப்படியில்லை, எதற்கு வரி கட்டினார்கள் என்பது பல நேரம் அது ஒட்டியிருந்த பொருளைப் பார்த்தால்தான் தெரியும்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862இல் வரி வில்லைகளைக் கொண்டுவந்தபோது காசோலைக்கு ஒன்று, அடமானத்துக்கு ஒன்று என்று பெயர் போட்டே அச்சடித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஆவண வில்லை எதை வேண்டுமானாலும் எந்த ஆவணத்திலும் ஒட்டலாம் என்று தளர்த்திவிட்டார்கள். அதனால் வில்லையில் 'காசோலை' என்று இருக்கும், ஒட்டியிருப்பதோ வாடகை ஒப்பந்தத்தில்!

இதைவிட எனக்குப் பிடித்தது புகைப்பட வரி. 1864இலிருந்து 1866 ஆகஸ்ட் வரை அங்கே புகைப்படத்துக்கும் வரி இருந்தது, 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட், விலை ஏற ஏற வரியும் ஏறும். ஆனால் இதற்கென்று தனி வில்லை அச்சடிக்கவே இல்லை. புகைப்படக்காரர் கையில் கிடைத்ததை, சில சமயம் சீட்டுக்கட்டுக்கான வில்லையைக்கூட, படத்தின் பின்னால் ஒட்டி, தன் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் அதன்மேல் எழுதி, மறுபடி பயன்படுத்த முடியாதபடி ரத்து செய்ய வேண்டும். படத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாமல் போனாலும் அது எந்தக் காலத்துப் படம் என்று இன்றைக்குச் சொல்ல முடிவது அந்த வில்லையால்தான். உரித்தீர்கள் என்றால் படத்துக்குக் காலம் போச்சு, வில்லைக்குக் கதை போச்சு.

இந்த லட்சணத்தில், பேனாவால் எழுதியிருந்தால் அதைக் 'கிறுக்கல்' என்று சொல்லி விலையைக் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கிறுக்கல்தானே ஐயா சாட்சி!

அப்புறம் வரிகள். ஓர் அரசு எந்தெந்தப் பொருளின்மேல் கண் வைத்தது என்பதை வில்லைகள் மாதிரி வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. 1624இல் டச்சுக்காரர்கள் முத்திரைத்தாளைக் கொண்டுவந்தது, பிரிட்டன் போட்ட 1765இன் முத்திரைச் சட்டத்தால் அமெரிக்கக் குடியேற்றங்கள் கொதித்தது எல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. பிரிட்டனில் 1784 முதல் 1811 வரை ஆண்களின் தொப்பிக்கு வரி, கட்டியதற்கு அடையாளமான முத்திரை தொப்பியின் உள்துணியில் இருக்கும். சீட்டுக்கட்டு வரிக்கு ஸ்பேட் ஏஸ்தான் ரசீது, அந்தச் சீட்டை மட்டும் அரசே அச்சடித்துக் கொடுத்தது. அதைப் போலியாக அடித்ததற்காக 1805இல் ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரைத் தூக்கிலேயே போட்டார்கள். ஒரு சீட்டுக்கு!

உருளைக்கிழங்குக்கும் வில்லை உண்டு. விலை சரியாமல் இருக்க விளைச்சலைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 1935இல் அமெரிக்கா சட்டம் போட்டது. ஒதுக்கீட்டுக்கு மேல் விற்றால் வரி. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே அதன் தாய்ச்சட்டத்தை உச்சநீதிமன்றம் தள்ளிவிட, இதுவும் ரத்தானது. பாவம், வில்லைகள் மட்டும் அழகாக மிஞ்சின.

உரித்து விற்கிற உதிரி வில்லைகளை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை, அவற்றுக்கு நேர வேண்டியது ஏற்கெனவே நேர்ந்துவிட்டது. முழு ஆவணம் ஆல்பத்தில் அடங்காது, இடத்தை அடைக்கும், மடிப்பில் கிழியும் என்பதும் உண்மைதான். அதற்காகக் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம், அமிலமில்லாத பெரிய உறைகள் கிடைக்கின்றன. புகைப்படத்தின் பின்பக்கம் வில்லை அப்படியே இருக்கிற படம் யாரிடமாவது இருந்தால் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள். தேதி படிக்க முடியாமல் இருந்தாலும் சரி.