பி.டி. பீரியடில் கை வைக்காதீர்கள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பி.டி. பீரியட் என்பது கால அட்டவணையில் மட்டும் இருக்கும் ஒன்று. மணி அடித்ததும் கணக்கு ஆசிரியர் உள்ளே நுழைவார், "போர்ஷன் முடியவில்லை, நோட்டை எடுங்கள்" என்பார். ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு காத்திருந்தவர்கள் பெருமூச்சு விட்டு உட்காருவார்கள். இந்த வழக்கம் இப்போது மூன்றாம் வகுப்பு வரை இறங்கிவிட்டது. என் அக்கா மகளுக்கு அந்த வயதிலேயே கண்ணாடி. பழி முழுவதும் டிவி மேலும், அவள் பொன்னாங்கண்ணிக் கீரையை ஒதுக்குவதன் மேலும் விழுந்தது. கீரை நல்லதுதான், ஆனால் தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வைக்கு அது மருந்தல்ல. அதைத் தடுக்க உதவுவது பகல் வெளிச்சம், அதாவது நாம் பறிக்கும் அந்த பி.டி. பீரியட்.

டியூப்லைட் போட்ட வகுப்பறையில் வெளிச்சம், அதை அளக்கும் லக்ஸ் கணக்கில், பெரும்பாலும் 300 முதல் 500தான். பகலில் வெளியே வந்து மர நிழலில் நின்றாலே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரக்கிறது, வளரும் வயதில் கண்விழி அளவுக்கு மீறி நீளாமல் அது தடுக்கிறது என்பதே கண் ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். விழி நீண்டுவிட்டால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும், கரும்பலகை மங்கும்.

"படிப்பு அதிகம், அதனால் கண்ணாடி" என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோருக்காக ஒரு தகவல். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் ஆறேழு வயதுச் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டது. சிங்கப்பூரில் 29 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3 சதவீதம் பேருக்குத்தான். இத்தனைக்கும் புத்தகம் அதிகம் படித்தவர்கள் சிட்னிக் குழந்தைகள்! அவர்கள் வாரத்துக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்க் குழந்தைகளுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம்.

சீனாவின் குவாங்சோவில் சில பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து தினமும் 40 நிமிட வெளி வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே சுமார் 30 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். தைவான் 2010இல் தினமும் 120 நிமிடம் வெளியே என்று பள்ளிகளுக்குத் திட்டமே வகுத்தது. ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைபாடு அதன் பிறகு இறங்கத் தொடங்கியது.

வெயில் மந்திரமல்ல. வந்துவிட்ட பவரை அது இறக்காது, கண்ணாடியைக் கழற்றவும் வைக்காது. வருவதைத் தடுக்கவும் தள்ளிப்போடவும்தான் உதவும். ஆகவே சின்ன வகுப்புகளில்தான் இது மிகவும் முக்கியம்.

"நம்மூர் வெயிலில் பிள்ளை கருத்துவிடும்" என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. சித்திரை மாதத்து உச்சி வெயிலில் நிறுத்தச் சொல்லவில்லை. காலை ஒன்பதுக்கு முன், மாலை நான்குக்குப் பின், வேப்ப மரத்தடியில் கல்லாங்காய் ஆடினாலும் போதும். ஓட வேண்டும் என்பதுகூட இல்லை, கண்ணுக்கு வேண்டியது வெளிச்சம்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கும் பங்கு உண்டு. கார் நிறுத்த இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் "இங்கே விளையாடக் கூடாது" என்று பலகை மாட்டுகிறவர்கள், பிள்ளைகள் எங்கே போய் விளையாடுவது என்பதையும் அதே பலகையில் எழுதிவிடட்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்கும் முன், சென்ற மாதம் எத்தனை பி.டி. பீரியட் உண்மையில் மைதானத்தில் நடந்தது என்று கேளுங்கள். நான் கேட்கப்போகிறேன்.