செமஸ்டர் கணக்கும் தெருவின் கணக்கும்

சமூக மேம்பாடு, நகர நிலைத்தன்மை இரண்டும் சேர்ந்த முதுகலைப் படிப்பில் சேர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பல்கலைக்கழகம் தரவரிசையில் மேலே இருக்கிறது என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, மொத்தப் படிப்பில் எத்தனை வாரம் களத்தில் இருக்க விடுவார்கள் என்பது. அந்த வாரங்கள் ஒரே குடியிருப்பிலா, இடத்துக்கு இடம் மாறியா என்பது அடுத்தது. இந்த இரண்டுக்கும் துறையிலிருந்து நேரான பதில் வரவில்லையென்றால், பாடத்திட்டத்தில் தாள்களின் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் கட்டணம் கட்டுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் படிப்பின் பெயரிலேயே ஒரு இழுபறி இருக்கிறது. ஒரு பக்கம் மழைநீர், வெப்பம், பசுமைப் பரப்பு, போக்குவரத்து. இன்னொரு பக்கம் யார் முடிவெடுக்கிறார்கள், யாருக்குப் பலன், யார் இடம் பெயர்கிறார்கள் என்ற கேள்விகள். புத்தகத்தில் இரண்டும் அருகருகே சமத்தாக உட்கார்ந்திருக்கும். தெருவில் இறங்கினால் ஒன்றோடு ஒன்று மோதும். தென்கொரியாவின் சியோல் நகரில் மேம்பாலத்தை இடித்து, அதன் கீழே புதைந்து கிடந்த ஓடையை 2005-இல் திறந்துவிட்டார்கள். சுற்றுப்புறம் குளிர்ந்தது, நகரம் மூச்சு விட்டது. அங்கேயே நடைபாதையில் கடை போட்டுப் பிழைத்தவர்கள் இடம் பெயர்ந்தார்கள், நிலத்தின் விலை ஏறியது. நியூயார்க்கில் பழைய உயர்மட்ட ரயில் பாதையைப் பூங்காவாக்கி 2009-இல் முதல் பகுதியைத் திறந்தபோதும், சுற்றியுள்ள வாடகை ஏறியது. பூங்காவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரம் நடுவதற்கு முன்பே வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்கத் தெரிந்த ஆள் ஒருவர் அந்த மேசையில் இருக்க வேண்டும். அந்த ஆளை உருவாக்கத்தான் இந்தப் படிப்பு இருக்கிறது.

அதே ஆளுக்குக் குழாயின் சரிவும் தெரிந்திருக்க வேண்டும். பாகிஸ்தானின் கராச்சியில், ஒராங்கி என்ற குடியிருப்பில் 1980-இல் சமூக சேவகர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 முதல் 40 வீடுகள் கொண்ட ஒரு சந்துதான் அங்கே அடிப்படை அலகு. வீட்டுக் கழிப்பறையும் சந்துக்குள் போகும் சாக்கடைக் குழாயும் மக்கள் பொறுப்பு. பணமும் உழைப்பும் அவர்களுடையது. பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. இந்தப் பங்கீடு வேலை செய்ததற்கு வெறும் ஒற்றுமை காரணமில்லை. வரைபடம் போட்டார்கள், மட்டம் பார்த்தார்கள், ஒப்பந்தக்காரரின் லாபம் இல்லாமல் குறைந்த செலவில் செய்யும்படி வடிவமைப்பை எளிமையாக்கினார்கள். சமூக மேம்பாடு படிப்பவர் “அது பொறியாளர் வேலை” என்று ஒதுங்கினால் சந்துக்காரர்கள் அவரை ஒரு வாரத்தில் எடை போட்டுவிடுவார்கள்.

சின்னக் கணக்கு ஒன்று. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 200 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்து, அதில் 80 சதவீதம் கைக்கு வருகிறது என்று வைத்தால் 3,200 லிட்டர். அங்கே 1,000 லிட்டர் தொட்டி வைத்துவிட்டு “மழைநீர் சேகரிப்பு செய்தோம்” என்று அறிக்கை எழுதும் மாணவர்கள் உண்டு. மீதி 2,200 லிட்டர் எங்கே போகும்? பக்கத்து வீட்டுச் சுவரடிக்கு. அங்கிருந்து சண்டை கிளம்பும். வடிகட்டியை யார் கழுவுவது என்று எழுதி வைக்காததால் இரண்டாவது மழைக்காலத்தில் தொட்டி நாறும். மூன்றாவது ஆண்டு அது குப்பைத் தொட்டி. பொறியியலும் சமூகமும் ஒட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இப்போது காலக்கணக்கு. ஒரு செமஸ்டர் என்றால் சுமார் 15 வாரம். ஆய்வால் மக்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே நாலு முதல் எட்டு வாரம் போகலாம். சிறுவர்களிடம் பேசப் போகிறீர்கள் என்றால் இன்னும் கூடும். அனுமதி வந்து குடியிருப்புக்குள் போனால், முதல் மாதம் மக்கள் உங்களை நகராட்சி ஆளா, கட்சி ஆளா, கணக்கெடுப்பு ஆளா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மாதத்தில் கிடைக்கும் பதில்கள் உங்களுக்காகச் சொல்லப்படும் பதில்கள். நேர்காணலுக்கு மிஞ்சுவது சில வாரங்கள்தான். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தில் இறக்க நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். 20 நேர்காணல் என்றால் கிட்டத்தட்ட 100 மணி நேரம். வேறு மொழிக்கு மாற்ற வேண்டுமென்றால் அது தனி. இந்தக் கணக்கைப் போடாமல் “60 நேர்காணல் செய்வேன்” என்று முன்மொழிவில் எழுதுகிறார்கள். கடைசியில் 60 ஒலிப்பதிவு கையில் இருக்கும், ஒழுங்காகப் படித்தது பதினைந்து இருக்கும்.

இதற்கு ஒரே வழி, முதல் ஆண்டிலேயே இடத்தைத் தீர்மானித்து வாரம் ஒரு நாள் போய் வருவது. கேள்வித்தாள் இல்லாமல், பதிவுக் கருவி இல்லாமல். தண்ணீர் எப்போது வருகிறது, குப்பை வண்டி எந்த முனையில் நிற்கிறது, யார் வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து நடக்கிறது என்பதெல்லாம் அந்த நாட்களில்தான் பிடிபடும். ஆய்வுக் கேள்வியை அதற்குப் பிறகு எழுதுங்கள். வீட்டில் உட்கார்ந்து கேள்வியை எழுதி முடித்துவிட்டு அதற்கு ஏற்ற தெருவைத் தேடுவதுதான் இந்தப் படிப்பில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்று உறுதியாக நம்புகிறேன்.

பங்கேற்பு வரைபடம் என்று ஒரு பயிற்சி எல்லாத் துறைகளிலும் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர், தரை, சாக்பீஸ், ஒன்றரை மணி நேரம். பார்க்க எளிது, கெடுப்பதும் எளிது. முதலில் சாக்பீஸை யார் எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சங்கத் தலைவர் எடுப்பார். பிரதான சாலை, அலுவலகம், தன் வீடு என்று வரைவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதனால் பெண்களோடு தனியாக, இளைஞர்களோடு தனியாக, வாடகைக்கு இருப்பவர்களோடு தனியாக அதே வரைபடத்தைப் போட வேண்டும். பெண்கள் வரைவதில் விளக்கில்லாத மூலையும், கழிப்பறைக்குப் போகும் வழியும், எந்தக் குழாயில் எத்தனை மணிக்குக் கூட்டம் என்பதும் வந்து நிற்கும். நாலு படத்தையும் பக்கத்தில் வைத்து எங்கே வேறுபடுகிறது என்று பாருங்கள். உங்கள் ஆய்வு அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. மாணவர் குனிந்து “இந்தச் சாலை இன்னும் கொஞ்சம் வளையும்” என்று தானே திருத்தினால் அந்த நொடியே பயிற்சி முடிந்தது, அப்புறம் எல்லோரும் மாணவரின் படத்தைத்தான் வரைவார்கள். அன்றைக்கே காகிதத்தில் பிரதி எடுத்து, ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிட்டு வர வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். கீழிருந்து நாலாவது படி கலந்தாலோசிப்பு. கருத்துக் கேட்டுக்கொள்வார்கள், முடிவு வேறு எங்கோ எடுக்கப்படும். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது படிகளைச் சேர்த்து அவர் கண்துடைப்பு வகையில்தான் வைத்தார். பெரும்பாலான ஆய்வேடுகள் அந்த நாலாவது படியில் நின்றுகொண்டுதான் அட்டையில் “பங்கேற்பு ஆய்வு” என்று போட்டுக்கொள்கின்றன. நின்ற படியை நேர்மையாக எழுதினால் மதிப்பெண் குறையாது.

எண்களில் நடக்கும் பிழைகளையும் சொல்ல வேண்டும். மாதிரி அளவு 384 என்று எல்லோரும் மனப்பாடமாக எழுதுகிறார்கள். 95 சதவீத நம்பகத்தன்மை, 5 சதவீதப் பிழை, மிகப் பெரிய மக்கள்தொகை என்ற நிபந்தனைக்கு வந்த எண் அது. உங்கள் குடியிருப்பில் இருப்பதே 300 வீடு என்றால் 169 போதும். அதைவிட முக்கியம், அந்த 169 எப்படித் தேர்ந்தது என்பது. பகலில் கதவு திறந்திருந்த வீடுகளை மட்டும் எடுத்தால், வேலைக்குப் போகிறவர்கள் மொத்தமாக விடுபட்டுப் போவார்கள். 384 எடுத்தாலும் அந்தக் கோணல் நிமிராது.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒவ்வொரு ஆண்டும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு ஒன்று. பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட நினைத்து 400 என்று கொடுப்பார்கள். வரைபடம் அட்சரேகை, தீர்க்கரேகை அளவில் இருந்தால் மென்பொருள் அதை 400 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும், திரை முழுக்க ஒரே நிறமாகிவிடும். முதலில் மீட்டரில் அளக்கும் ஆள்கூற்று முறைக்கு மாற்ற வேண்டும். இந்தத் தவறாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத தவறு அடுத்தது. வட்டம் சரியாக விழுந்த பிறகு, அதற்குள் இருக்கும் எல்லா வீடும் ஐந்து நிமிட நடை என்று எழுதிவிடுவார்கள். நடுவில் ஒரு கால்வாயோ ரயில் பாதையோ இருந்தால் 300 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு உண்மையில் ஒரு கிலோமீட்டர் நடை. தெரு வலையமைப்பின் வழியாக அளக்க வேண்டும், அல்லது நடந்து பார்த்துவிட வேண்டும்.

வெப்ப வரைபடமும் அப்படித்தான். லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் பெரும்பாலான இடங்களைக் கடப்பது காலை பத்து மணி வாக்கில். அதன் வெப்ப உணர்வியின் உண்மையான நுணுக்கம் 100 மீட்டர், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் 100 மீட்டர் அகலம்; கோப்பு 30 மீட்டராக மாற்றப்பட்டு வருகிறது. அது காட்டுவது கூரை, தார்ச்சாலை ஆகியவற்றின் மேற்பரப்பு வெப்பம். தகரக் கூரைக்குக் கீழே ராத்திரி தூங்க முடியாமல் ஒருவர் படும் பாட்டை அந்தப் படத்திலிருந்து எழுத முடியாது. வீட்டுக்குள் வெப்பப் பதிவுக்கருவி வைத்து ஒரு வாரமாவது இரவு வெப்பத்தை எடுங்கள். பத்து வீடு போதும், வாதம் பலமாக நிற்கும்.

தரவு விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. அனுமதி இல்லாத குடிநீர் இணைப்பு, பட்டா இல்லாத வீடு, கூடுதல் மாடி இவற்றின் ஜிபிஎஸ் புள்ளிகளை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போடுகிறார்கள். வெளிப்படைத்தன்மை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். அந்தக் கோப்பு பல்கலைக்கழக இணையதளத்தில் ஏறினால், இடிக்க வருகிறவர்களுக்கு நாமே முகவரிப் பட்டியல் தயாரித்துக் கொடுத்த மாதிரி. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பது தவறு. வீட்டின் புள்ளியே பெயர்தான். புள்ளிகளைத் தெரு அளவுக்கோ அதைவிடப் பெரிய கட்டத்துக்கோ திரட்டி மட்டும் காட்டுங்கள். மூலக் கோப்பைப் பூட்டி வையுங்கள், எந்தத் தேதியில் அழிப்பீர்கள் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதுங்கள். குடியிருப்பின் சங்கம் தன் பட்டா வாதத்துக்காக அதே கணக்கெடுப்பைக் கேட்டால் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அது அவர்களுடைய பொருள்.

முடிவுகளைத் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்வது கடைசிக் கட்டம். பட்டம் வாங்கிய பிறகு செய்வதாகச் சொல்பவர்களில் பலர் செய்வதே இல்லை. ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு மூன்று வாரம் முன்பாவது நடக்க வேண்டும். இரண்டு பக்கம், பெரிய எழுத்து, அவர்கள் பேசும் மொழி. படித்துக் காட்ட அரை மணி நேரம், பேச ஒரு மணி நேரம். கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் எழுந்து “குழாய் எட்டு இல்லை, ஆறுதான், இரண்டு போன வருடமே நின்றுவிட்டது” என்பார். அங்கேயே போய்ப் பார்த்துத் திருத்துங்கள். உங்கள் முடிவோடு அவர்கள் ஒத்துப்போகாத இடத்தில் இரண்டு கருத்தையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். சேர்வதற்கு முன் துறைக்கு அனுப்பும் மின்னஞ்சலில் களத்தில் எத்தனை வாரம் என்ற கேள்வியோடு இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இந்தக் கடைசிக் கூட்டத்துக்குப் போய்வரும் செலவு யார் கணக்கில்?