ஒரு ஒற்றை மேற்கோளைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதா?

மறுபடியும் அதே கதை. நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு, நான் பயன்படுத்தும் டேட்டாபேஸ் டூலில் வாடிக்கையாளர் டேபிளை எக்ஸ்போர்ட் செய்து, வந்த இன்சர்ட் வரிகளை (டேட்டாவை உள்ளே சேர்க்கும் கட்டளைகள்) புது எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் ஓட்டினேன். 412-வது வரியில் நின்றுவிட்டது. காரணம், டி'சூசா என்ற பெயர். நடுவில் வரும் ஒற்றை மேற்கோளை இரண்டு தடவை எழுத வேண்டும், அவ்வளவுதான். எஸ்க்யூஎல் கற்கும் முதல் வாரத்திலேயே சொல்லித் தருவது. ஒரு டேட்டாபேஸ் டூலுக்கு அது தெரியாதா?

சரி, கையாலேயே திருத்தினேன். அப்புறம் பார்த்தால், 'நல்' (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) என்று காலியாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மேற்கோளுக்குள் உட்கார்ந்து வெறும் சொல்லாகிவிட்டது. தமிழ் முகவரிகள் முழுக்கக் கேள்விக்குறி. இது யூனிகோட் எழுத்து என்று சொல்ல மேற்கோளுக்கு முன்னால் போட வேண்டிய N என்ற ஒரே ஒரு ஆங்கில எழுத்தைப் போடவில்லை! தேதி 03/04 என்று வந்திருக்கிறது. மார்ச்சா, ஏப்ரலா? நின்றுபோன வரியாவது கண்ணில் படுகிறது. சத்தமில்லாமல் உள்ளே போய்விட்ட தப்பை யார் தேடிக் கண்டுபிடிப்பது?

இத்தனைக்கும் எக்ஸ்போர்ட் வெற்றி என்று பச்சை டிக் வேறு. மூன்று வெர்ஷனாக இதே பிழை. ஒவ்வொரு தடவையும் ஐகானை மாற்ற நேரம் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லையா?